ஒரு விரல் அகலத்தில் காரணம்

ஐஸ் கம்பெனி ஆப்பரேட்டர் வேலை என்பது, தண்ணீர் தானாக உறைவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்து, உறையாத நாளில் மட்டும் அதற்குக் காரணம் சொல்லும் வேலை.

முப்பத்தோரு வருடம் அதைச் செய்தேன். கம்பெனி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வீடு முதலியார்பேட்டையில். சைக்கிளில் போய் வருகிற தூரம். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பழைய புத்தகக் கடையிலும் நூலகத்திலும் கிடைத்த இயற்பியல் புத்தகங்களைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்துக்கொண்டே இருந்தேன். அதன் விளைவு, யார் எதைக் கேட்டாலும் காரணம் சொல்கிற ஆளாகிவிட்டேன். எந்தப் பொருளானாலும் பிரித்துக்கொண்டே போனால் அடியில் காரணம் கிடக்கும் என்பது என் நம்பிக்கை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அல்லது நீங்களே அவராக இருந்தால், இதைப் படிக்கும்போது கொஞ்சம் நெளிவீர்கள். பரவாயில்லை. நானும் நெளிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் இயந்திர அறையில் ஒரு பதிவு நோட்டு இருந்தது. தேதி, நேரம், பழுது, காரணம் என்று நான்கு கட்டங்கள். பழுது என்ற கட்டம் அகலமானது, எவ்வளவு வேண்டுமானாலும் புலம்பலாம். காரணம் என்ற கட்டம் மட்டும் ஒரு விரல் அகலம். கோடு போட்டவர் யார் என்று தெரியாது. அதில் ஒரு சொல்தான் கொள்ளும். பெல்ட். வால்வு. மின்சாரம். அந்தக் கட்டத்தில் ஒருமுறை நான் ஒரு மனிதனின் பெயரை எழுதினேன். அவனுக்கு வேலை போயிற்று. அது தப்பான காரணம் என்று பிறகு எனக்குத் தெரிந்தது. அதை அவனிடம் சொல்ல எனக்குப் பதினோரு வருடம் ஆயிற்று. கீழே வருகிறவை எல்லாம் அதைச் சுற்றியவைதான்.

எது கெட்டி?

அஞ்சலை மீன் விற்கிறவர். விடிந்ததும் தூள் ஐஸ் வாங்க வருவார். ஒருநாள் ஐஸ் உடைக்கிற மெஷின் நின்றுவிட்டது. நீளமான ஐஸ் கட்டியை நாங்கள் பார் என்போம். ஒரு பாரைக் கடப்பாரையால் உடைத்து, பெரிய துண்டாகவே அவருடைய பிளாஸ்டிக் கூடையில் போட்டேன். கூடையின் அடி விரிசல் விட்டுவிட்டது. தண்ணீர்தானே இது, கூடையை எப்படி உடைக்கும் என்று கேட்டார். கூடை போன ஆத்திரத்தில் கேட்டது. நான் அதைப் பாடம் நடத்தக் கிடைத்த வாய்ப்பாக எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் என்றேன். சூட்டில் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடிக்கொண்டிருக்கும், குளிரில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றுவிடும் என்றேன். வரிசையில் நிற்கிற துகள் கெட்டியானதா என்று கேட்டார். இல்லை, தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்த அதே துகள்தான், அதில் ஒன்றுமே மாறவில்லை என்றேன். அஞ்சலை ஐஸ் துண்டின் ஒரு முனையை விரலால் தள்ளினார். மறுமுனையும் சேர்ந்து நகர்ந்தது. ஒரு முனையைத் தள்ளினால் மறுமுனை நகர்வது ஒற்றைத் துகளிடம் தேடினால் கிடைக்காத குணம் என்று பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். அஞ்சலை புத்தகத்துக்குக் காத்திருக்கவில்லை. விரிசல் விட்ட கூடையைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"தனித்தனியா பாத்தா ஒண்ணுமே கெட்டி இல்ல, சேந்தா மட்டும் என் கூடைய உடைக்குதுன்னா, நான் யாருகிட்ட போயி கூடை கேக்கறது ஆப்பரேட்டரே?"

கோணி

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, எந்த ஆம்பளையையும் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்று கூப்பிடுகிறவர், மகள் நிச்சயதார்த்தத்துக்கு நான்கு பார் ஐஸ் வாங்கிப் போனார். திறந்த வேன். மே மாத வெயில். மறுநாள் காலையில் சட்டைக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு கம்பெனிக்கு வந்தார். விருந்தாளிகள் வருவதற்குள் நான்கு பாரும் ஒரு பார் ஆகிவிட்டதாம். சண்டை போட வந்தவர் மாதிரித் தெரியவில்லை. காரணம் தெரிந்துகொள்ள வந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு அது போதாதா?

வெயில் படுகிற பரப்பு, ஓடுகிற வண்டியில் அடிக்கிற காற்று, பார்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காமல் இடம்விட்டு வைத்ததால் கூடுதலாகத் திறந்த பக்கங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சாக்பீஸ் எடுத்துத் தரையில் படம்கூடப் போட்டேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. எழுந்து கோட்டைச் சரி செய்துகொண்டு, கதவோரம் மடித்துக் குவித்திருந்த கோணிப்பைகளைப் பார்த்தார்.

"இவ்வளவு தெரிஞ்ச மனுஷன், நேத்து வண்டி கெளம்பறப்ப ஒரு கோணிய எடுத்து மேல போட்டிருக்கலாமே, முசியே."

கடைசியாகத் தொட்டவன்

ஏழுமலை எங்கள் கம்பெனியில் கொக்கி ஓட்டுகிறவன். உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று தரைக்குள் பெரிதாக இருக்கும். அந்த உப்புத்தண்ணீர் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்திருந்தாலும் உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்கள் வரிசை வரிசையாக இறங்கி நிற்கும். ஒரு நாள் பொழுது நின்றால் கேனுக்குள் தண்ணீர் பாராகிவிடும். மேலே ஓடுகிற சங்கிலிக் கொக்கியில் வரிசையை மாட்டித் தூக்கி, ஐஸைக் கவிழ்த்துவிட்டு, திரும்பத் தண்ணீர் நிரப்பி இறக்குவது ஏழுமலையின் வேலை. விழுப்புரம் ரோட்டில் இருக்கிற ஒரு கிராமத்திலிருந்து வருவான். என்னைவிடப் பத்து வயது சிறியவன். வாயாடி. நான் காரணம் சொல்லும்போது பக்கத்தில் இருந்தால் கண்டிப்பாக ஒரு கேள்வி வைத்திருப்பான்.

அவன் தன் குடிதண்ணீர் பாட்டிலை ஒருநாள் அந்தத் தொட்டி ஓரத்தில் கயிற்றில் கட்டி இறக்கி வைத்திருந்தான். மறந்துபோய் வெகுநேரம் கழித்து எடுத்தான். உறைந்திருக்க வேண்டும், ஆனால் தெளிந்த தண்ணீராகவே இருந்தது. என்னிடம் காட்டுவதற்காக மேசைமேல் டக்கென்று வைத்தான். வைத்த மாத்திரத்தில் பாட்டிலின் மேற்பக்கம் ஒரு வெள்ளை கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிவரை இறங்கி, முழுவதும் பால் மாதிரி ஆகிவிட்டது. ஏழுமலை பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டான். உறைய வேண்டிய குளிருக்கும் கீழே போன பிறகும் சில சமயம் தண்ணீர் உறையாமல் காத்திருக்கும், எங்காவது ஒரு இடத்தில் தொடங்கி வைக்க ஒரு தூசியோ ஒரு அதிர்ச்சியோ வேண்டும் என்று விளக்கினேன். ஆக, உறைந்ததற்குக் காரணம் நீ தட்டியது என்று முடித்தேன்.

அவன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் தட்டாவிட்டால் அப்படியே இருந்திருக்குமா என்று கேட்டான். இருந்திருக்காது, வேறு ஏதாவது ஒன்று தொட்டிருக்கும் என்றேன்.

"அப்ப மொத்தத் தண்ணியும் எப்படா உறையலாம்னு நின்னுக்கினு இருந்துச்சி. கடைசியா தொட்டவன் மேல ஏன் எழுதறீங்க ஆப்பரேட்டரே?"

பொக்கை பார்

கேனுக்குள் தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும். நடு கடைசியில்தான் உறையும். நேரத்துக்கு முன்னால் தூக்கினால் நடுவில் தண்ணீர் நின்று, கவிழ்க்கும்போது கொட்டிவிடும். பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே ஓட்டை. அதை நாங்கள் பொக்கை பார் என்போம். படகில் ஏற்றினால் பாதி வழியில் கரைந்துவிடும், மீன் கெட்டுவிடும்.

ஒரு வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் எல்லாம் ஒரே வாரத்தில் கடலுக்கு இறங்கின. வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. அந்த வாரம் பொக்கை பார் வரத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு வரிசை வரிசையாக. ஒரு படகுக்காரர் பிடித்து வந்த மீனை அப்படியே எங்கள் வாசலில் கொண்டுவந்து கொட்டினார். அன்று மாலைக்குள் காரணம் வேண்டும் என்று முதலாளி என்னிடம் சொன்னார்.

நான் வழக்கம்போலப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீர் சரி. உப்பின் அளவு சரி. அமோனியா சரி. கம்ப்ரசர் சரி. உப்புத்தண்ணீரின் சூடு ஒரு டிகிரி ஏறியிருந்தது, ஆனால் அனுமதித்த அளவுக்குள்தான். அதையும் சரி என்று நானே எழுதினேன். மிச்சம் இருந்தது கொக்கி. தொட்டி ஓரத்து மேடையில் ஏறி நின்று பார்த்தேன். ஏழாவது வரிசையை ஏழுமலை இரண்டு மணி நேரம் முன்னாலேயே தூக்கினான். என் கண்ணால் பார்த்தேன். இறங்கி வந்து நோட்டைத் திறந்து காரணம் என்ற கட்டத்தில் அவன் பெயரை எழுதினேன். சரியாக அடங்கியது. ஏன் தூக்கினாய் என்று அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார்கள். சாப்பாட்டுத் தூக்கையும் அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனான். முதலாளி நோட்டைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார்.

"எல்லாரும் ஒரு பக்கம் எழுதுவாங்க, நீ ஒரே வார்த்தையில முடிச்சிட்ட பாரு."

கௌரி கேட்டது

கௌரி என் மனைவி. அவளுக்கு இயற்பியல் தெரியாது, நான் சொல்லிச் சொல்லி வந்த வெறுப்பு மட்டும் தெரியும். சாம்பார் ஏன் ஓரத்தில் முதலில் கொதிக்கிறது என்று நான் தொடங்கினால், கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள். ஏழுமலையை அவளுக்குப் பிடிக்கும். பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுக்கிறவன், அக்கா என்று கூப்பிடுகிறவன்.

நடந்ததைச் சொன்னேன். எப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் அவனிடம் வந்து நின்றேன் என்பதை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவன் போன பிறகு ஐஸ் சரியாகிவிட்டதா என்றாள். இல்லை, இன்னும் பொக்கையாகத்தான் வருகிறது, புது ஆளுக்குப் பழக வேண்டும் என்றேன். உண்மையில் அதற்குப் பிறகும் ஒன்பது நாள் பொக்கைதான் வந்தது. பிறகு படகுகளின் அவசரம் தணிந்ததும், யாரும் எதுவும் செய்யாமலே நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம் எழுதக் கட்டம் இல்லை, அதனால் நான் யோசிக்கவும் இல்லை. கௌரி யோசித்தாள்.

"பன்னெண்டு பேரு வேலை செய்யற எடத்துல ஒருத்தரு மட்டும் எப்படிங்க தப்பு செய்ய முடியும்?"

எந்த வண்டி?

இரண்டு வருடம் போயிற்று. காலாப்பட்டில் இருக்கிற பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் வந்தார்கள். கண்காட்சிக்காக ஒரு பார் வேண்டுமாம். ஐஸுக்குக் குறுக்கே மெல்லிய கம்பியைப் போட்டு இரண்டு முனையிலும் எடைக்கல் தொங்கவிட்டால், கம்பி ஐஸை அறுத்துக்கொண்டு கீழே வந்துவிடும், ஆனால் ஐஸ் இரண்டாகாது. அதைக் காட்டப் போகிறார்கள். அவர்களில் நிவேதா என்கிற பெண் நன்றாகப் பேசினாள். காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், மதியம்தான் வந்து சேர்ந்தார்கள். எங்கள் முதலியார்பேட்டை ரோட்டில் நெரிசல்.

பார் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். எல்லாம் கடைசியில் துகளில்தான் இருக்கிறது, துகள் தெரிந்தால் ஐஸ் தெரியும் என்றேன். அவள் மறுக்கவில்லை. ஒரே ஒரு துகளை எடுத்துக்கொண்டால் அது ஐஸா தண்ணீரா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன். அதற்குச் சூடு எவ்வளவு என்றாள். ஒற்றைத் துகளுக்குச் சூடு என்று ஒன்று கிடையாது, அது கூட்டத்துக்குத்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் நீங்கள் விற்கிற குளிர்ச்சியை எதில் வைத்து விற்கிறீர்கள் சார் என்று சிரித்தாள். தன் ஆசிரியர்களிலேயே இரண்டு கட்சி இருப்பதாகச் சொன்னாள். எல்லாம் அடியில்தான் இருக்கிறது, நம்மால் கணக்குப் போட முடியவில்லை, அவ்வளவுதான் என்பது ஒரு கட்சி. கணக்குப் போட்டே காட்டினாலும் அது விளக்கம் ஆகாது, பலது சேர்ந்தால் மேலே புதிதாக விதிகள் எழும், அந்த மாடியிலேயே நின்றுதான் அதை விளக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. டீ குடிக்கிற இடத்தில் இன்னும் சண்டை முடியவில்லையாம்.

நான் முதல் கட்சி என்றேன். எதிலும் தேடிப் போனால் ஒன்று கிடைக்கும் என்றேன். அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"நாங்க லேட்டா வந்தது எந்த வண்டியால சார்? ஒரு வண்டியக் காட்ட முடியாது. ஒவ்வொருத்தரும் முன்னாடி போறவருக்காகத்தான் பிரேக் போட்டாங்க. ஆனா நாங்க லேட்டா வந்தது நிஜம்தானே?"

இன்னும் ஒரு அம்புக்குறி

அவர்கள் ஆட்டோவில் ஏறும்போது கூட வந்த பெண், சில சமயம் ஒரே ஒரு வண்டி குறுக்கே நின்று கெடுப்பதும் உண்டு என்றோ என்னவோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. எனக்கு ஏழாவது வரிசை நினைவுக்கு வந்துவிட்டது. மேடையில் ஏறி நின்று இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த வாரத்தைத் திரும்பப் பார்த்தேன்.

ஏழுமலை முன்னால் தூக்கியது உண்மை. லாரிகள் நிற்பதால் தூக்கினான். அந்த வாரம் எல்லா ஷிப்டிலும் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் முன்னால்தான் தூக்கியிருக்கிறார்கள், ஒருவர் கால் மணி, ஒருவர் அரை மணி. முன்னால் தூக்கினால் முன்னால் புதுத் தண்ணீர் இறங்கும். வெயிலில் காய்ந்த தண்ணீர். அது உப்புத்தண்ணீரைச் சூடாக்கும். அந்த ஒரு டிகிரி. உப்புத்தண்ணீர் சூடானால் அடுத்த வரிசை உறைய இன்னும் நேரம் வேண்டும், ஆனால் நேரம் இல்லை. பொக்கை பார் போகும். பொக்கை பார் சீக்கிரம் கரையும், அதனால் படகுக்காரர் அடுத்த முறை இரண்டு பார் அதிகம் கேட்பார். லாரி வரிசை இன்னும் நீளும். இன்னும் முன்னால் தூக்குவார்கள். வட்டம். அதில் ஒவ்வொருவரும் செய்தது அவரவர் இடத்தில் சரி. ஒரு டிகிரியைச் சரி என்று எழுதிய நானும் உட்பட. பொக்கை எந்த ஆளிடமும் இல்லை, அந்த வட்டத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து கௌரியிடம் சொன்னேன். இதைத்தானே அன்றைக்கே கேட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நாளைக்கே போய் ஏழுமலையிடம் சொல்லுங்கள் என்றாள். உழவர்கரைப் பக்கம் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறானாம், அந்த வருடம் மகளைப் படித்துக்கொண்டிருந்த பள்ளியிலிருந்து மாற்ற வேண்டி வந்ததாம். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. போகிறேன் என்றேன். ஆனால் அரைகுறையாகப் போய்ச் சொல்லக் கூடாது, முதலில் தெளிவாக ஒரு படம் வரைந்துகொள்கிறேன் என்றேன். ஒரு நோட்டில் வட்டம் போட்டு அம்புக்குறிகள் வரைந்தேன். ஒரு அம்புக்குறி சந்தேகமாக இருந்தது. உறையும்போது கேன் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்க விடுகிற காற்றுக் குழாயை எப்போது வெளியே எடுத்தார்கள் என்பது தெரியவில்லை. அதைச் சரி பார்க்க இன்னொரு தடைக்காலம் முடியட்டும் என்று இருந்தேன். அது முடிந்தபோது வேறொரு சந்தேகம் வந்தது. உங்களுக்கே தெரியும், போகாமல் இருக்க விரும்புகிறவனுக்கு அம்புக்குறிகள் தீர்வதே இல்லை.

இப்படி வருடங்கள் போயின. ஒருநாள் அவள் நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடிவைத்தாள்.

"காரணம் முழுசா கெடைச்சப்புறம்தான் மன்னிப்பு கேக்கணும்னு உங்க எந்தப் புத்தகத்துல போட்டிருக்குது?"

செவ்வாய்க்கிழமை கேன்

கௌரி இரண்டு வருடத்துக்கு முன்பு போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், பிறகு ஆஸ்பத்திரி, பிறகு இல்லை. டாக்டர் காரணம் சொன்னார். நான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரணத்தை முழுதும் கேட்காமல் பாதியில் எழுந்து வந்தேன்.

கருமாதி முடிகிறவரை வேலைக்குப் போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், வீட்டில் தனியாக இருந்தேன். செவ்வாய்க்கிழமை பகலில் நான் வீட்டில் இருந்ததே இல்லை, எப்போதும் ஷிப்டில் இருப்பேன். வாசலில் மூன்று சக்கர வண்டி நின்றது. தோளில் தண்ணீர் கேனோடு உள்ளே வந்தவன் ஏழுமலை. நரைத்திருந்தான். என்னைக் கேட்காமலே சமையலறைக்குள் போய், எங்கே வைக்க வேண்டுமோ அங்கே கேனை இறக்கினான். அடுப்புக்கு இடது பக்கம், ஜன்னல் வெயில் படாத மூலை. எங்கள் தெருவிலேயே கேன் கடை இருக்கிறது. அங்கிருந்துதான் வருகிறது என்று இத்தனை வருடமும் நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒவ்வொரு செவ்வாயும் வரச் சொல்லியிருந்தது என்றான். உழவர்கரையிலிருந்து இவ்வளவு தூரம்.

அவனை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்றான். நான் போய் அந்த நோட்டை எடுத்து வந்தேன். வட்டத்தைக் காட்டினேன். ஒவ்வொரு அம்புக்குறியாக விரல் வைத்துச் சொன்னேன். லாரி, கொக்கி, புதுத் தண்ணீர், அந்த ஒரு டிகிரி, பொக்கை, படகுக்காரர், திரும்ப லாரி. குரல் எனக்கே நன்றாக இருந்தது. பதினோரு வருடம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய விளக்கம். ஆக, அது உன் தப்பு இல்லை, யாருடைய தப்பும் இல்லை என்று முடித்தேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஏழுமலை நோட்டை வாங்கி, அந்தப் பாட்டிலைப் பார்த்த மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லா போட்டிருக்கீங்க. ஐஸு பொக்கையானதுக்கு யாரும் காரணம் இல்ல, அது எனக்கும் அன்னைக்கே தெரியும். அந்தக் கட்டத்துல என் பேர எழுதனாங்களே, அதுக்கும் யாரும் இல்லியா?"

வட்டத்தில் அதற்கு அம்புக்குறி இல்லை. படகும் லாரியும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து பொக்கையை உண்டாக்கின. பேனாவை எடுத்தது அவை எல்லாம் சேர்ந்து இல்லை. ஒரு கை. ஒரே ஒரு வண்டி குறுக்கே நின்று கெடுப்பதும் உண்டு என்று ஆட்டோவில் ஏறும்போது அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நாளில் பிரித்துக்கொண்டே போய் ஒரு ஆளிடம் வந்து நின்றேன். ஒரு ஆளிடம் வந்து நிற்க வேண்டிய நாளில் பெரிய வட்டமாகப் போட்டு அதற்குள் ஒளிந்துகொண்டேன். இரண்டு முறையும் தப்பான மாடி.

நான்தான் எழுதினேன் என்றேன். ஏனென்றால் என்று அடுத்த சொல் நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவனைக் கேட்காமல் எழுதினேன், தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். காரணம் சேர்க்காமல் நான் சொன்ன முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும். கேட்க வேண்டியவள் சுவரில் மாலைக்குள் இருந்தாள்.

சரி என்றோ, போகட்டும் என்றோ அவன் சொல்லவில்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, சமையலறைப் பக்கம் பார்த்தான்.

"அக்கா ஒவ்வொரு வாரமும் சொல்லும், அவரு வருவாருடா, படம் வரைஞ்சிக்கினு இருக்காருன்னு. அது இருக்கறப்பவே வந்திருக்கலாம் நீங்க. காலி கேன எடுத்துக்கினு வாங்க, வெயில் ஏறுது."

முப்பத்தோரு வருட ஆப்பரேட்டராக என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ஐஸ் உறைந்ததற்கும் உருகியதற்கும் காரணம் துறைமுகம் முழுக்கப் பரவிக் கிடக்கலாம், ஆனால் கோணியை எடுத்துப் போடாமல் விட்டவன் பெரும்பாலும் ஒரே ஆள்தான், அவன் பெயர் ஒரு விரல் அகலத்தில் தாராளமாக அடங்கும்.